ரோச் சாரின் மூன்று நிமிடம்

உலகத்தில் நடக்கிற அத்தனை போர்களையும் ஒரு நாளைக்கு இருபத்திரண்டு தடவை நிறுத்தி வைக்கிற ஆள் ஒருவர் தூத்துக்குடியில் இருக்கிறார். பெயர் பெர்க்மான்ஸ் ரோச். ஐ.நா. சபை கூடிப் பேசி, டீ குடித்து, மறுபடியும் கூடிப் பேசியும் நடக்காத காரியத்தை அவர் ரிமோட் பிடித்த ஒற்றைக் கையால் முடித்துவிடுவார். பொத்தானை அமுக்கினால் பீரங்கி ஊமையாகும். ஏவுகணை பஞ்சு மூட்டை மாதிரி சத்தமில்லாமல் விழும். கோட்டு போட்ட செய்தியாளர் தொட்டி மீனைப் போல வாயைத் திறந்து திறந்து மூடுவார். மூன்று நிமிடம். அதன் பிறகு உலகம் அடித்துக்கொள்ளலாம், ரோச் சாருக்கு ஆட்சேபம் இல்லை.

பழைய துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் அவருடைய ஜெராக்ஸ் கடை. கப்பல் வேலைக்குப் போகிற பையன்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பார். சுவரில் ஒரு டிவி. பக்கத்தில் ஒரு வட்டக் கடிகாரம். அதன் முகத்தில் கால் மணிக்கும் முக்கால் மணிக்கும் நேராக, தர்பூசணிக் கீற்று மாதிரி, சிவப்பாக வண்ணம் அடித்திருக்கும். முப்பது வருடம் அவர் கப்பலில் ரேடியோ ஆபீசர். அந்தக் காலத்தில் முள் சிவப்புக்குள் வந்துவிட்டால் உலகத்துக் கப்பல்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட வேண்டும். மூன்று நிமிடம் கேட்க மட்டும்தான் அனுமதி. எங்கேயாவது ஒரு கப்பல் முழுகிக்கொண்டிருந்தால் அதன் குரல் அப்போதுதான் காதில் விழும்.

"கடல்ல சாவுதவன் சத்தம் ரொம்ப மெல்லிசா இருக்கும்லே. நம்ம வாய மூடுனாத்தான் கேக்கும்" என்பார்.

சாட்டிலைட் வந்ததும் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். ரோச் சார் எடுக்கவில்லை. ஆள் முழுகிச் செத்த பிறகு எழுதின விதியை, ஆள் சாகவில்லை என்பதற்காக அழிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. கால் மணி, முக்கால் மணி ஆனால் கடையில் டிவி ஊமை. எல்லாருடைய போனும் சத்தத்தை அணைத்துவிட்டுப் பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். மூடி விழும். ஒரு தடவை டப்பாவுக்குள் யாரோ அலாரம் வைத்துவிட, மௌனத்தின் நடுவில் சேவல் கூவியது. அன்று அவர் காது வரை சிவந்துபோனார்.

செய்தி பார்ப்பது என்றால் அவருக்குத் திட்டுவது என்று பொருள்.

"தகவலறிந்த வட்டாரமாம். அந்த வட்டாரத்துக்கு அப்பன் ஆத்தா பேரு வைக்கலியா? எங்க ரேடியோ ரூம்ல யாரு சொன்னா, எத்தன மணிக்குச் சொன்னான்னு எழுதாட்டா கேப்டன் தொலிய உரிச்சிருவான்."

பக்கத்துக் கூல்டிரிங்ஸ் கடை பாண்டித்துரை வாயைக் கிளறுவார். "அவங்களும் பொழைக்காண்டாமா சார்?"

"பொழைக்கட்டும். நம்ம கப்பல் எங்கன நிக்கி, எத்தன நிக்கின்னு மேப்பு போட்டுக் காட்டுதான பாரு. சுடுதவனுக்குத் தேடுத வேல மிச்சம். சண்ட நடக்கும்போது அரசாங்கம் சொல்லணும், நாம கேக்கணும். அவ்வளவுதான்."

"ஒமக்கு எமர்ஜென்சிதான் லாயக்கு."

"ரயிலு சரியான நேரத்துக்கு வந்துச்சுல்லா?"

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த கடை, செங்கடல் பக்கம் கப்பல்களை அடிக்க ஆரம்பித்ததும் சிரிப்பை விட்டுவிட்டது. ரோச் சாரின் ஒரே மகன் ரெக்ஸ் அந்த வழியாகப் போகிற எண்ணெய்க் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர். "கரைக்கு வா" என்று அம்மா பிளாரன்ஸ் போனில் அழுதபோது, "ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டவன் நடுவுல எறங்கக் கூடாது" என்று சொன்னது ரோச் சார்தான்.

ஒரு வியாழக்கிழமை யாரோ கடையின் கடிகாரத்தை ஆறு நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டே மணி சொல்லிவிடுவேன் என்று அவர் அடிக்கடி பீற்றுவார். கண்டுபிடிக்கிறாரா பார்க்கலாம் என்பதைத் தவிர அதில் வேறு கெட்ட எண்ணம் கிடையாது. அவர் கண்டுபிடிக்கவில்லை. போனில் மணி பார்ப்பது அவருக்கு வழக்கமில்லை. சாயங்காலம் முள் ஆறே முக்காலைத் தொட்டது. டப்பா மூடியது. டிவி ஊமையானது. மூன்று நிமிடம் எல்லாரும் மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூடியைத் திறந்தபோது அவர் போனில் ரெக்ஸின் இரண்டு தவறிய அழைப்புகள்.

திருப்பிக் கூப்பிட்டார். மணி அடிக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். "சிக்னல் இருக்காது சார்" என்றார் பாண்டித்துரை. விடிகிறவரை கூப்பிட்டார்.

மறுநாள் காலை டிவி எல்லாரும் செத்தார்கள் என்றது. பத்து மணிக்கு எல்லாரும் பிழைத்தார்கள் என்றது. சாயங்காலம் கப்பல் கம்பெனி போன் செய்து, இன்ஜின் அறையில் தீ, இருபத்தொரு பேர் படகில் தப்பினார்கள், ஒருவரைக் காணவில்லை என்றது. அந்த ஒருவர் யார் என்று ரோச் சார் கேட்கவில்லை. அவர்களாகவே சொன்னார்கள்.

அதன் பிறகு வீட்டு வாசலில் மைக் வந்தது. பிளாரன்ஸின் மூக்குக்கு நேராக நீட்டி, "உங்க மனநிலை எப்படி இருக்கு?" என்றான் ஒரு பையன். ரோச் சார் மைக்கை மெதுவாக ஒதுக்கினார்.

"போங்க தம்பி. என்ன நடந்துச்சுன்னு ஒங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தெரியாத ரெண்டு பேரு பேசி என்ன ஆவப்போவுது?"

அன்று இரவே ரெக்ஸின் கல்யாண போட்டோவைப் பெரிதாக்கி, அடியில் சோகப் பாட்டு போட்டு ஓட்டினார்கள். மறு வாரம் வேறு நாட்டில் வேறு குண்டு. ரெக்ஸ் டிவியிலிருந்தும் காணாமல் போனான்.

கலெக்டர் ஆபீஸ் முன்னால் உட்காரலாம் என்றார் பாண்டித்துரை. ரோச் சார் ஒத்துக்கொள்ளவில்லை. "ரோட்ட மறிச்சா கடல்ல கெடக்கவன் கரைக்கு வருவானா? அரசாங்கம் சொல்லும்." விதிப்படி மனு எழுதினார், மூன்று நகல் எடுத்தார், பதிவுத் தபாலில் அனுப்பினார். நாற்பத்தாறாம் நாள் பதில் வந்தது. விசாரித்து வருகிறோம் என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரியை அவர் ஒரு பக்கம் படிக்கிற நேரத்துக்குப் படித்தார்.

இறந்தவர்களுக்கான பூசையில் ரெக்ஸ் பெயரை எழுதிக்கொள்ளவா என்று பங்குச் சாமியார் கேட்டனுப்பினார். உறுதியாகாததை எழுதக் கூடாது என்று ரோச் சார் சொல்லி அனுப்பினார். அன்று பிளாரன்ஸ் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"துக்கத்துக்கு உக்காரணுமா வேண்டாமா, அத மட்டும் சொல்லுங்க. புள்ள கூப்பிட்டப்ப டப்பாவ மூடிட்டு இருந்தீங்கள்ல. இப்பவாவது வாயத் தொறங்க."

என்ன சொல்லக் கூப்பிட்டிருப்பான் என்ற ஒரே கேள்வியைத் தவிர அவரிடம் எதுவும் மிச்சமில்லை. தீப்பிடித்துவிட்டது என்றா? பயமாயிருக்கிறது என்றா? அம்மாவிடம் கொடுங்கள் என்றா? முப்பது வருடம் யார் யாரோ முழுகுகிறவர்களின் குரலுக்குக் காது கொடுத்தவருக்கு, சொந்த மகன் குரல் தகர டப்பாவுக்குள் வந்து நின்று போயிருக்கிறது.

இப்போது கடையில் மௌனம் கிடையாது. போன் முழுச் சத்தத்தில் சட்டைப் பையிலேயே இருக்கிறது. முள் சிவப்புக்குள் வருகிறது, போகிறது. டிவி கத்துகிறது. அவர் திட்டுவதும் இல்லை. கம்பெனியோ அரசாங்கமோ இன்றுவரை மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

இவ்வளவும் எழுதின பிறகு இதை எழுதினவன், தினமும் அந்தக் கடையில் வந்து உட்காருகிறவன், அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தான். அவரைப் பற்றி எழுதினால் அவர் பார்க்காமல் வெளியே போகக் கூடாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விண்ணப்பம் சரிபார்ப்பது மாதிரி வரி வரியாகப் படித்தார்.

"ஞாயித்துக்கெழம கட கெடையாது. இருபத்திரண்டுன்னு பொதுவாப் போடாத."

"சரி சார்."

"பதில் வந்தது நாப்பத்தேழாம் நாளு."

"மாத்திருதேன் சார்."

விரல் மறுபடி மேலே ஏறி, வியாழக்கிழமைப் பத்தியில் ஒரு வார்த்தையில் நின்றது. அடுத்த வரிக்குப் போகவே இல்லை.

"இங்கன யாரோன்னு போட்டிருக்க. யாரோன்னா யாரு?"

எழுதினவன் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தான்.

"எம்மவன் மௌன நேரத்துல எனக்குப் போன் போட மாட்டாம்லே. நடக்கப் படிக்கும்போதே அந்தச் செவப்பக் காட்டி வளத்திருக்கேன். ஆறே முக்காலுக்கு டப்பா மூடிரும்னு தெரிஞ்சுதான் ஆறு நாப்பதுக்குக் கூப்பிட்டிருக்கான். போன்ல நேரம் கெடக்கு. அந்நேரமே டப்பா மூடியிருந்துச்சுன்னா நம்ம கடிகாரம் முந்தி ஓடியிருக்கு. விடியுததுக்குள்ள எனக்குத் தெரியும்." கண்ணாடியைக் கழற்றினார். "மறுநாள் காலைல, கட தொறக்கதுக்கு ஒத்தாச பண்ணுதேன்னு சொல்லி, ஸ்டூலு போட்டு முள்ளத் திருப்பி வச்சியே. ரோட்டுக்கு அந்தப்பக்கம் நின்னு பாத்துட்டுத்தான் நின்னேன்."

சட்டைப் பையில் போனுக்குப் பக்கத்தில் இருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, எழுதினவன் கையில் வைத்தார்.

"யாரோவ அடிச்சிட்டுப் பேர எழுது."