தண்ணீர் தேங்காத தெரு

கெடிலம் ஆற்றங்கரையோரம் நாங்கள் பத்தொன்பது வருடம் வாடகைக்கு இருந்த தெருவின் முனையில் இப்போது ஒரு பலகை நிற்கிறது. 'தண்ணீர் தேங்காத பகுதி. அடுக்குமாடி வீடுகள் விற்பனைக்கு.' போன வாரம், காலி செய்தபோது விட்டுவந்த மின்விசிறியை எடுக்கப் போனவன், அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். வண்டியை ஓரம் கட்டுவதற்குள் சிரிப்பு போய்விட்டது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. இந்த வருடமா வீடு மாற வேண்டும்?

பழைய வீட்டுக் கூடத்தில் புதுப் பெயிண்ட் வாசனை. எனக்கென்னவோ அந்தச் சுவரைப் பார்த்தால் பிளீச்சிங் பவுடர்தான் மணக்கிறது. வெள்ளம் வடிந்த மறுநாள் தெருவே அப்படித்தான் மணக்கும்.

வேலை கிடைத்துத் திட்டக்குடியிலிருந்து கடலூருக்கு வந்த புதிதில் வீடு தேடி அலைந்தேன். இந்த வீட்டுக்காரர் வாடகை பேசுவதற்கு முன்பே பீரோவை நகர்த்தி, சுவரில் மார்பு உயரத்துக்கு இழுத்திருந்த நீலக் கோட்டைக் காட்டினார்.

"தண்ணி இது வரைக்கும் வந்துருக்கு. புடிச்சா இருங்க. அப்புறம் சொல்லலன்னு சொல்லக் கூடாது."

அங்கே எல்லா வீட்டிலும் அப்படியொரு கோடு உண்டு. வீடு பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் அதைக் காட்டிவிட வேண்டும் என்பது தெருவின் வழக்கம். பாதிப் பேர் கோட்டைப் பார்த்ததும் செருப்பைத் தேடுவார்கள். ஊருக்கு நடுவில் எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகிற வாடகையில் வீடு கிடைத்ததே அந்தக் கோட்டின் தயவால்தான்.

முதல் மழையிலேயே எங்கள் காலி சிலிண்டர் மிதந்து வெளியே போய்விட்டது. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் குமார் சத்தம் போட்டார்: "மச்சான், ஒங்க வூட்டு சிலிண்டர் விருந்துக்கு வந்துருக்கு! சாப்புட வச்சி அனுப்பட்டா?"

மகள் பிறந்த பிறகு சிரிப்பு குறைந்தது. அவள் உயரத்தைப் பென்சிலால் அதே சுவரில் குறித்துவந்தேன். மற்ற அப்பாக்கள் எவ்வளவு வளர்ந்தாள் என்று பார்ப்பார்கள். நான் மூக்கு கோட்டைத் தாண்டியதா என்று பார்ப்பேன். தாண்டிய வருடம் தெருவுக்கே கேசரி கொடுத்தேன். எதற்கென்று கேட்டவர்களிடம் பிறந்தநாள் என்று புளுகினேன்.

ஆனால் அடுத்த வெள்ளம் கோட்டோடு நிற்கும் என்று என்ன உறுதி? பிறகுதான் மனு எழுதினேன். கரையை உயர்த்த வேண்டும், வடிகால் வேண்டும் என்று, என் முத்தான கையெழுத்தில். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். எத்தனையோ திங்கட்கிழமைகள் கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்றோம். கரை வந்தது, வடிகால் வந்தது. இரண்டு மழைக்குத் தண்ணீர் வாசலைத் தொடவில்லை. மூன்றாவது மழைக்கு முன் புரோக்கர்கள் வந்தார்கள். வீட்டுக்காரப் பெரியவர் இறந்துவிட, சென்னையிலிருந்த அவர் மகன் போனில், "சிதம்பரத்துலேர்ந்து ஒரு டாக்டர் கேக்குறார் சார், வித்துடப் போறேன்" என்றார்.

நான் மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுச் செல்வியும் சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். அவளும் வாடகைதான்.

"நல்லா எழுதிக் குடுத்தீங்க மாமா மனு! வெள்ளத்துல போவாத என்னை வடிகால் கட்டி அனுப்பிட்டீங்க."

சொந்த வீட்டுக்காரரான குமாருக்குச் சந்தோஷம் இருக்கும் என்று நினைத்தேன். அவர் முகத்தைச் சுளித்தார். "வெலை ஜாஸ்தின்றாங்க மச்சான். வித்தா எங்க போறது? என் பையனே இந்தத் தெருவுல ஒரு ரூம் வாங்க முடியாது."

"மனு எழுதாம இருந்திருக்கலாமோ?" என்றேன்.

"போங்க மாமா," என்றாள் செல்வி, பாயைச் சுருட்டியபடியே. "போற எடத்துலயும் எழுதுங்க. நானும் அங்கதான் வூடு பாத்துருக்கேன்."

அவள் சொன்னது சரி. மகள் மூக்குக்குத் தண்ணீர் வந்துவிடுமோ என்று விடிய விடிய விழித்திருந்தவன், மறுபடி அந்த நிலை வந்தாலும் எழுதத்தான் செய்வேன்.

இப்போது சிதம்பரம் சாலையில், ஊருக்கு வெளியே, வயலை மேடாக்கிக் கட்டிய வீடு. பார்க்கப் போனபோது, "தண்ணி எது வரைக்கும் வரும்?" என்று கேட்டேன். புது வீட்டுக்காரர், "மொதல்ல டைல்ஸைப் பாருங்க சார்" என்றார். பழைய கூடத்தில் கோடும் இல்லை, பென்சில் குறிகளும் இல்லை, எல்லாம் ஒரே வெள்ளை. டாக்டருக்கு யாரும் பீரோவை நகர்த்திக் காட்டியிருக்கப் போவதில்லை. வரும் வழியில் புது வீட்டுச் சுவருக்கென்று சின்ன டப்பா நீலப் பெயிண்ட் வாங்கிவந்தேன். மழை வரட்டும்.