என்டர் தட்டாமல் ஓடிய தேங்காய் பெல்ட்

எனக்கு வயது அறுபத்தெட்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் கறம்பக்குடிப் பக்கத்தில் எங்கள் தேங்காய் மண்டியில் கம்ப்யூட்டரில் முதலில் கை வைத்தவள் நான்தான். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்காக அதைச் சொல்கிறேன்.

1. ஆடிய பலகை

முதலாளி புது பெல்ட் போட்டிருந்தார். அதில் தேங்காய் ஒவ்வொன்றாக வரும். பெரிய காய்க்கு 1, சின்னதற்கு 2, அழுகலுக்கு 3 என்று கீபோர்டில் தட்ட வேண்டும். ஒரு பலகை திரும்பிக் காயை அந்தந்தக் குவியலுக்குத் தள்ளும். லினக்ஸில் அந்த ப்ரோகிராமை எழுதியவள் என் கடைசி மகள் செல்வி.

தட்டினேன். பலகை அசையவில்லை. மறுபடி மறுபடி தட்டினேன். செல்வி ஓடிவந்து என்டரைத் தட்டினாள். அவ்வளவுதான், பலகை சாமி வந்த மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் ஆடி, நல்ல காயையெல்லாம் அழுகலில் தள்ளியது.

"நல்லாத் தரம் பிரிக்கிறீங்க பெரியாத்தா" என்றார் முதலாளி. "சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா காயப் பாத்துத் தானே பிரிக்கிற கேமரா மெசினுக்குச் சொல்லிருவேன். அது வந்தா ஒங்க யாருக்கும் இங்க வேலையில்ல."

2. ரா மோடு

"நான் தட்டுனதெல்லாம் எங்கடி போச்சு?"

"நீ தட்டுற இந்தத் திரை இருக்குல்ல, டெர்மினல், அது அத ஒரு வரியாச் சேத்து வச்சுக்கிரும் ஆத்தா. என்டர் தட்டுனாத்தான் ப்ரோகிராமுக்குக் குடுக்கும். நான் சோதிச்சுப் பாக்குறப்ப கை தானா என்டருக்குப் போயிரும், அதான் இது தோணல."

"நீ என்டர் தட்டுற வரைக்கும் தேங்கா நிக்குமாடி?"

சிரித்துக்கொண்டே டெர்மினலை ரா மோடுக்கு மாற்றினாள். இனித் தட்டிய கணமே கீ ப்ரோகிராமுக்குப் போய்விடும்.

பொழுது சாய உட்கார்ந்தேன். 1 தட்டினேன், டக்கென்று பலகை திரும்பியது. 3 தட்டினேன், அழுகல் அழுகலோடு போய் விழுந்தது. ஒரு காய் தப்பவில்லை.

"வேகத்தக் கூட்டுங்க மொதலாளி, கை சும்மா கெடக்கு!" என்றேன். கூட வேலை செய்யும் பெண்கள் கைதட்டினார்கள்.

ப்ரோகிராமை நிறுத்தியதும் முதலாளி எதையோ தட்டினார். திரையில் எழுத்தே வரவில்லை. "இந்தா, கெடுத்துட்டீங்கள்ல!" என்றார்.

செல்வி, தட்டுவது தெரியாத அந்தத் திரையிலேயே ஒரு கட்டளையைத் தட்டினாள். எழுத்து திரும்பி வந்தது. "வெளிய வரும்போது பழைய மோடுல விடணும், மறந்துட்டேன்" என்று அதையும் ப்ரோகிராமில் சேர்த்தாள்.

கேமரா மெசின் வரவில்லை. இன்று நாங்கள் எல்லோரும் முறைபோட்டு அந்தக் கீபோர்டில் உட்காருகிறோம். நான் கற்றது இதுதான்: வேலை நடக்கும் இடத்தில், வேலை செய்கிறவள் கையில் கொடுத்துப் பார்த்தால்தான் எதுவும் சரியா என்று தெரியும்.

நான் சொல்லச் சொல்லத் தட்டிய என் பேத்தி கவிதா பக்கத்தில் இருக்கிறாள். எங்க, வாசி தாயி. சொன்னது சொன்னபடி வந்திருக்கான்னு பாப்போம்.