பாதிப் படம் வரை மாமா

ஹாலிவுட் படத்தில் அடுத்து யார் சாகப்போகிறார்கள் என்பதை அம்மா முன்னாலேயே சொல்லிவிடுவாள். சட்டைப்பையிலிருந்து மனைவியின் படத்தை எடுத்துக் காட்டும் சிப்பாய் சாவான். ஓய்வுபெற ஒரு வாரமே இருக்கும் போலீஸ்காரர் சாவார். "வந்து பேசிக்கலாம்" என்று கையசைத்துவிட்டுப் போகும் நண்பன் வரமாட்டான். நாய் மட்டும் சாகாது. நகரத்தின் மேல் விண்கல்லே விழுந்தாலும் அது ஏதோ ஒரு சந்து வழியாக ஓடிவந்துவிடும். நகைச்சுவைப் படமென்றால் கல்யாணத்துக்கு முந்தின நாள் மோதிரம் தொலையும். தொலைத்தவனையே மணப்பெண் கட்டிக்கொள்வாள்.

"போட்டோவைக் காட்டிட்டான், போச்சு," என்பாள் அம்மா, வேர்க்கடலையை உரித்துக்கொண்டே.

"கொஞ்ச நேரம் சும்மா இரேன். நாங்களும் பாக்க வேணாமா?" என்பார் அப்பா.

"பாருங்க, யாரு வேணாம்னா? செத்தவுடனே சொல்லுங்க."

கோவிலம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் ஆங்கிலப் படம் என்பது நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து வழக்கம். தமிழில் குரல் கொடுத்த படங்கள். அமெரிக்க ராணுவ அதிகாரி "டேய், அவனைத் தூக்குங்கடா" என்று சொல்லும் படங்கள். அப்பா நாற்காலியில், அம்மா சோபாவின் இடது ஓரத்தில், நான் தரையில். பாலம் உடையும்போது மூன்று பேரும் ஒரே சமயத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அதைவிடப் பெரிய ஒற்றுமை எங்கள் குடும்பத்தில் வேறு எதிலும் இருந்ததாக நினைவில்லை.

போன வருஷம் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அம்மாவுக்குக் காது போனது. வலது காது முழுவதும். இடது காதில் கொஞ்சம் மிச்சம். கருவி வாங்கி மாட்டினோம். மின்விசிறி, குக்கர் விசில், தாழப் பறக்கும் விமானம், எங்கள் பேச்சு எல்லாவற்றையும் அது ஒரே அளவுக்குப் பெரிதாக்கியது. "எல்லாரும் சேந்து கத்தறாங்க, யாரு என்ன சொல்றாங்கன்னு மட்டும் தெரியல," என்று கழற்றி அலமாரியில் வைத்தாள். கிண்டியில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் அவளுக்கு வேலை. அங்கே எல்லாம் மின்னஞ்சலில் நடப்பதால் சமாளித்துவிட்டாள். சமாளிக்க முடியாமல் போனது வீட்டில்தான்.

காரணம் ஒரே ஒரு சொல். படம் ஓடும்போது யாராவது ஒரு வசனம் பேசுவார்கள், நானும் அப்பாவும் சிரிப்போம். அம்மா எங்கள் முகத்தைப் பார்த்து, "என்ன சொன்னான்?" என்று கேட்பாள். அடுத்த வசனம் தவறிவிடுமே என்ற அவசரத்தில் நாங்கள், "ஒண்ணுமில்ல" என்போம். உண்மையிலேயே சொல்லும்படி ஒன்றும் இருக்காது. ஆனால் நாள் முழுக்க, வாரம் முழுக்க, கேட்டதற்கெல்லாம் "ஒண்ணுமில்ல" என்றே பதில் வந்தால் அது வேறொன்றாகிவிடுகிறது. முதலில் அம்மா கேட்பதை நிறுத்தினாள். பிறகு ஞாயிறு மதியம் கூடத்துக்கு வருவதை நிறுத்தினாள். படுக்கையறையில் கைப்பேசியோடு படுத்திருப்பாள். கூப்பிட்டால், "நீங்க பாருங்க. எனக்காக எதுக்கு நிறுத்தி நிறுத்திப் பாத்துக்கிட்டு," என்பாள்.

சோபாவின் இடது ஓரம் காலியாக இருந்தது. இனி அது அப்படியேதான் இருக்குமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. பிரச்சினையைச் சிறிய பகுதிகளாக உடைத்து வரிசைப்படுத்தினால் எனக்குப் பாதி நிம்மதி வந்துவிடும். அம்மாவுக்கு என்ன தேவை? எழுத்து. ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுப் பார்த்தோம். "நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள ஆளு செத்துடறான்," என்றாள். ஆகவே, தமிழ் எழுத்து.

காட்டாங்குளத்தூரில் கல்லூரியில் படித்தபோது நாங்கள் பென்டிரைவில் படங்களைக் கைமாற்றிக்கொள்வோம். கூடவே சப்டைட்டில் கோப்பும் வரும். அது வெறும் எழுத்துக் கோப்பு. வரிசை எண், எந்த நொடியில் தோன்ற வேண்டும், எந்த நொடியில் மறைய வேண்டும், அதற்குக் கீழே வசனம். அவ்வளவுதான். ஆங்கில வசனத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் தமிழை வைத்தால் போதும். முதல் முயற்சியில், தமிழில் குரல் கொடுக்காத ஒரு சண்டைப் படத்தின் கோப்பை அப்படியே மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்து, அம்மாவைக் கெஞ்சிக் கூட்டிவந்து உட்காரவைத்தேன்.

குண்டுமழைக்கு நடுவே கதாநாயகன் தோழனைப் பார்த்து, "கவர் மீ" என்று கத்தினான். திரையில், "என்னைப் போர்த்து" என்று வந்தது.

"எதுக்கு போத்தணும்? குளுருதா?" என்றாள் அம்மா.

தோழன் வயர்லெஸ்ஸில், "காப்பி தட்" என்றான். திரையில் வந்தது: "அதை நகல் எடுக்கிறேன்."

"இந்த நேரத்துல யாருக்குடி ஜெராக்ஸ்?"

அப்பா சிரித்தார். அம்மாவும் லேசாகச் சிரித்தாள். ஆனாலும் பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விட்டாள். கிண்டல் செய்ய முடிந்தது, கதைக்குள் போக முடியவில்லை.

அடுத்ததாக, அதேபோல் ஆங்கிலத்திலேயே பேசும் ஒரு சாகசப் படத்தைத் தேர்ந்தெடுத்தேன். கடலுக்கடியில் மூழ்கிய கப்பலைத் தேடிப்போன ஒருவர் திரும்பி வரவில்லை. அவருடைய மகளை, கடலோரப் பாறையின் மேலிருக்கும் பெரிய வீட்டில் அவளுடைய 'அங்கிள்' வளர்க்கிறார். பெண் பெரியவளாகி அப்பாவைத் தேடிக் கிளம்புகிறாள். அங்கிளும் கூடவே வருகிறார். இந்த முறை செயலி கொடுத்ததை ஒவ்வொரு வரியாகத் திருத்தினேன். 'அங்கிள்' என்றே விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் அங்கிள் என்றால் உறவே இல்லாதவர் என்று பொருள். மாடி வீட்டுக்காரர், வேன் ஓட்டுபவர், அப்பாவின் நண்பர். செயலி எல்லா இடத்திலும் 'மாமா' என்று போட்டிருந்தது. எனக்கு ஒரு தாய்மாமா உண்டு, பிரியமானவர். யோசிக்காமல் அப்படியே விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பாதிப் படத்தைத்தான் முடிக்க முடிந்தது. குகைக்குள் கயிற்றில் தொங்கும் மாமாவை அந்தப் பெண் தன் உயிரைப் பணயம் வைத்துத் தூக்கிவிடுகிற இடம். அதோடு எழுத்து நின்றுவிட்டது. ஆங்கிலப் படத்துக்கு இடைவேளை கிடையாது. குரோம்பேட்டைப் பக்கத்துத் தியேட்டர்களில் யாரோ வாய் திறக்கும்போதே வெட்டி இடைவேளை விடுவார்கள். அதுபோலவே நானும் விட்டேன்.

"அவ்வளவுதானா?" என்றாள் அம்மா. அன்றைக்குப் படம் ஓடிய வரை அவள் எழுந்து போகவில்லை.

"மீதி அடுத்த வாரம்."

"இவன் சரியில்ல," என்றாள், உறைந்து நின்ற மாமாவின் முகத்தைக் காட்டி. அப்பா என்னைப் பார்த்தார். மாதக்கணக்கில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் இருந்தோம்.

திங்கள்கிழமை காலை சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டே, "அவன் மாமா கிடையாது," என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் முகத்துக்கு நேராகப் போய், "யாரும்மா?" என்றேன்.

"அந்தப் படத்துல. அவன்தான் அவ அப்பாவை ஏதோ பண்ணியிருக்கான். ஆனா மாமனா இருந்தா எதுக்குப் பண்றான்? அந்த வீட்டுல அவனுக்கு ஏது பங்கு? தாய்மாமன் சீர் செய்யறவன்டி, சொத்து கேக்கறவன் இல்ல. அது அப்பன் வழி ஆளு. நீ தப்பா எழுதியிருக்கே."

"எப்படிச் சொல்றே?"

"மாடிப்படிச் சுவத்துல ஒரு போட்டோ இருந்துச்சே, பாக்கல? ரெண்டு பசங்க, ஒரே மாதிரி சட்டை. அண்ணன் தம்பிக்குத்தான் ஒரே துணியில தெப்பாங்க. உசரமா இருக்கறவன் அவ அப்பன், அவ மூக்கு அப்படியே. இவன் சின்னவன். சித்தப்பா."

அப்பா காப்பி டம்ளரோடு வாசலில் நின்றிருந்தார். அவர் தன் அண்ணன் பிள்ளைகளுக்குச் சித்தப்பா. அம்மாவின் தோளைத் தொட்டுத் திருப்பி, நிதானமாகச் சொன்னார். "நானும் ஒரு சித்தப்பாதான்."

"அதனாலதான் உறுதியா சொல்றேன்," என்றாள் அம்மா.

அந்த வாரம் முழுவதும் இந்தப் பேச்சுதான். கீழ்த்தளத்து ஆன்ட்டி வரை போய்விட்டது. அவர்களுக்குப் பல்லாவரத்தில் ஹார்டுவேர் கடை. மாடிப்படியில் பார்த்தபோது அம்மாவே அவரை நிறுத்திக் கதையைச் சொன்னாள். யாரையும் நிறுத்திப் பேசுவதை அம்மா விட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

"இன்னாக்கா இப்டி சொல்லிட்ட?" என்றார் ஆன்ட்டி, அம்மாவின் இடது காதுக்குக் குனிந்து. "எங்கூட்ல சித்தப்பாவதான் சாச்சாம்போம், சாச்சான்னா உசுரு. வாப்பா போனப்புறம் அவர்தான கடைய நடத்திக்கினு எங்கள வளத்தாரு."

"உங்க சாச்சா நல்லவர். இவன் படத்துல இருக்கறவன். படத்துல நல்ல சாச்சாவுக்கு வேலை இல்ல," என்றாள் அம்மா.

"அது நாயம்தான்," என்று ஒப்புக்கொண்டு ஆன்ட்டி, "ஞாயித்துக்கெழம நானும் வர்றேன்" என்றார்.

புதன்கிழமை மாலை வேலை முடிந்து வந்து மீதிக் கோப்பைத் திறந்தேன். புயல், உடையும் பாய்மரம், நீருக்கடியில் மூச்சுத் திணறல் எல்லாவற்றையும் வரிவரியாகத் தமிழாக்கிக்கொண்டே போனேன். கடைசிக்குச் சற்று முன்னால் ஒரு வரி வந்தது. கையில் கத்தியோடு அந்த மனிதர் அந்தப் பெண்ணிடம் சொல்கிறார்: தன் சகோதரன் எதையும் தன்னோடு பங்குபோட்டுக்கொண்டதில்லை, இந்தக் கப்பலையும்கூட.

நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். படத்தை முதலிலிருந்து ஓட்டி மாடிப்படியைத் தேடினேன். இருந்தது. அந்தப் பெண் ஓடி இறங்கும்போது பின்னணியில் வந்து போகிற புகைப்படம். இரண்டு சிறுவர்கள், ஒரே கட்டம் போட்ட சட்டை, ஒருவன் மற்றவனைவிட ஒரு தலை உயரம். காது இருந்த நான் வசனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாலை எனக்கு உண்டான உணர்ச்சியை வியப்பு என்றுதான் சொல்ல வேண்டும். எங்கேயோ, நாங்கள் பார்த்தேயிராத ஒரு கடற்கரையில், எங்களைப் பற்றி எதுவும் தெரியாத மனிதர்கள் ஒரு கதையைக் கட்டியிருக்கிறார்கள். பிழைகளைத் தேடியே பழகிய எனக்கு, இத்தனை கச்சிதமாகக் கட்டிய ஒன்றைப் பார்த்தால் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கத் தோன்றும். முடிவில் வரப்போகிற கத்திக்குக் காரணத்தை மாடிப்படிச் சுவரில் மாட்டிவைத்திருந்தார்கள். அவர்கள் மொழியில் அந்த மனிதன் அப்பா வழியா அம்மா வழியா என்று சொல்லாமலே இரண்டு மணி நேரம் ஓட்டிவிடலாம். ஒரே சொல் இரண்டையும் மூடிவிடுகிறது. தமிழில் முதல் வரியிலேயே முடிவு செய்தாக வேண்டும். நான் தவறாக முடிவு செய்தேன். அந்தத் தவறான சொல்லை மீறி, கோவிலம்பாக்கத்தில் ஒருத்தி கதையின் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டாள்.

மீதி வரிகளையும் முடித்துவிட்டு, கோப்பில் எல்லா 'மாமா'வையும் 'சித்தப்பா'வாக மாற்றும்படி ஒரே கட்டளை கொடுத்தேன். பிறகு தொடக்கக் காட்சிகளை ஓட்டிப் பார்த்தேன். சிறுமி ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள்: "சித்தப்பா." அவர் வீட்டுச் சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொள்கிறார். படத்தில் ஒரு காட்சிகூட மாறவில்லை. ஆனால் வீடு மாறிவிட்டது, சாவி மாறிவிட்டது, அந்த அணைப்பே மாறிவிட்டது. பாறை மேலிருந்த அந்த வீடு இப்போது பாகம் பிரிக்காத வீடு.

ஞாயிற்றுக்கிழமை அம்மா எங்களுக்கு முன்னாலேயே சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஆன்ட்டி, தட்டு நிறைய சமோசாவோடு. படம் நின்ற இடத்திலிருந்து தொடங்கியது. கத்தி வெளியே வந்து, அந்த வரி திரையில் தோன்றியது. 'என் அண்ணன் எதையும் என்னோடு பங்குபோட்டுக்கொண்டதில்லை.' அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு சமோசாவை எடுத்துக்கொண்டாள்.

"படா ஆளுக்கா நீ," என்றார் ஆன்ட்டி.

பிறகு வந்தது புயலின் உச்சம். மலை உயரத்துக்கு அலை எழுந்து கப்பலின் மேல் கவிந்தது. ஆன்ட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நால்வரும் மூச்சுவிடவில்லை. "கயிற்றை வெட்டட்டுமா?" என்று ஒரு மாலுமி கத்த, கப்பல் தலைவர் தொண்டை கிழியப் பதில் கத்தினார்.

அம்மா சிரித்தாள். அலை விழுந்துகொண்டிருந்தபோது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் திரையைப் பார்த்தேன். 'ஆமாமாம்' என்று நான் எழுதியிருந்த வசனம், என் கட்டளைக்குப் பணிந்து இப்படி நின்றது: 'ஆசித்தப்பாம்.'

அப்பா காதால் படம் பார்ப்பவர், எழுத்தைக் கவனிக்கவே மாட்டார். திகைத்துப் போய் எங்களைப் பார்த்தார். "என்ன? என்ன சொன்னான்?"

அம்மாவுக்கு அது காதில் விழுந்ததா, அல்லது அவர் முகத்திலேயே படித்துவிட்டாளா என்று தெரியாது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகத்தில் எதையும் காட்டாமல், "ஒண்ணுமில்ல" என்றாள்.

அப்பா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, அம்மாவின் இடது பக்கம், அவள் முகம் தெரியும்படி போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லு," என்றார்.

அம்மா ரிமோட்டை எடுத்து, விழுந்த அலையை மறுபடி மேலே ஏற்றினாள்.