தப்பே நடக்காத மாதம்

அந்த அணுமின் நிலையத்தில் அவளை எல்லோரும் தப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அடுத்தவர் செய்கிற தப்பையெல்லாம் எழுதி வைப்பது அவள் வேலை. பதினாலு வருஷம் பம்புக்கும் வால்வுக்கும் நடுவே ஷிப்ட் பார்த்து, முட்டி தேய்ந்த பிறகு இந்த நாற்காலிக்கு வந்தவள். யாராவது எதையாவது மாற்றித் திருகிவிட்டால், திருகப் போய்க் கடைசி நொடியில் கையை இழுத்துக்கொண்டால்கூட, ஒரு சீட்டில் எழுதி அவளிடம் தர வேண்டும். மாதத்துக்கு முப்பது, நாற்பது சீட்டு வரும். "அக்கா, திட்டாதீங்க" என்று தலையைச் சொறிந்துகொண்டே வருவார்கள். திட்டுவாள். திட்டிவிட்டு உட்கார வைத்து, எப்படி நடந்தது என்று ஒன்றுவிடாமல் கேட்பாள்.

அவளுக்கு ஆத்திரமெல்லாம் வேலைப் படிவத்தில் போடும் கையெழுத்துகள் மேல்தான். ஒரு தப்பு நடந்தால் மேலிடத்துக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று: படிவத்தில் இன்னொரு கையெழுத்துக் கட்டம். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு வால்வுக்கு ஒரு கையெழுத்து. இப்போது நாலு. முதல் ஆள் திறக்க வேண்டும். மற்ற மூன்று பேரும் தனித்தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும். யார் போனார்கள்? முன்னால் கையெழுத்து இருக்கிறதே என்று பின்னால் வருகிறவரும், பின்னால் மூன்று பேர் பார்ப்பார்களே என்று முன்னால் இருப்பவரும் நிம்மதியாகக் கிறுக்கித் தள்ளினார்கள்.

ஆமை மாட்டியது இப்படித்தான். எதையும் நிதானமாகச் செய்கிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பேர். அவசரக் குளிர்நீர் பம்பின் வால்வைத் திறக்கப் போனவன், பக்கத்து வால்வைத் திறந்துவிட்டான். மற்ற மூன்று கையெழுத்தும் அடுத்த அரை மணியில் விழுந்துவிட்டன. இரண்டு நாள் கழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று சந்தேகம். எச்சில் கையோடு ஓடிப் போய்ப் பார்த்தான். அவனே கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டுச் சொன்னான். பத்து நிமிஷத்தில் எல்லாம் சரியானது. நேராக இவளிடம் வந்து சீட்டையும் எழுதிக் கொடுத்தான்.

மேலாளர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பேர்ப்பலகை ரெண்டு வால்வுக்கும் நடுவுல தொங்குது சார். யாரு போனாலும் குழம்பத்தான் செய்வாங்க. முதல்ல அதை மாத்துங்க."

"மாத்தலாம்மா. ஆனா ஒருத்தன் மேல நடவடிக்கை எடுத்தாத்தானே மத்தவங்களுக்குப் பயம் இருக்கும்?"

"அவனா வந்து சொன்னான் சார். சொன்னவனையே பிடிச்சு அடிச்சா, நாளைக்கு எவன் சொல்லுவான்? பயத்தால தப்பு நிக்காது. சீட்டு வர்றதுதான் நிக்கும்."

மேலாளர் பொறுமையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு எரியும். மறுவாரம் ஆமையின் எந்திரம் இயக்கும் உரிமத்தைப் பறித்து ஸ்டோருக்கு அனுப்பினார்கள். படிவத்தில் ஐந்தாவது கட்டம் முளைத்தது. பேர்ப்பலகை மட்டும் நடுவிலேயே தொங்கியது.

வீட்டில் புருஷன் பஸ் ஓட்டுகிறவர். "உனக்கு எதுக்கு ஊர் வம்பு? எங்க டிப்போவுல தப்பு பண்ணா அன்னைக்கே சஸ்பெண்டு" என்றார்.

"அதனாலதான் பிரேக் பிடிக்கலன்னு ஒருத்தரும் வாயத் திறக்கறதில்ல."

அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

அடுத்த மாதம் பதினொரு சீட்டு வந்தது. அதற்கடுத்த மாதம் இரண்டு. மூன்றாவது மாதம் ஒன்றுகூட இல்லை. மேலாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கேக் வரவழைத்தார். 'தப்பே நடக்காத மாதம்' என்று அதன் மேல் எழுதியிருந்தது. அவளையே வெட்டச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். ஷிப்ட்காரர்களும் தட்டினார்கள், ஆனால் ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எண்ணூறு பேர் வேலை செய்கிற இடத்தில் ஒரு மாதம் முழுக்க ஒருத்தர் கையும் தவறவில்லையாம்! சமையலறையில் அவள் ஒருத்தி கையே நாளைக்கு மூன்று தடவை தவறுகிறது.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். முட்டி கெஞ்சியது. படியேறி இறங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பம்பு அறையில் எல்லாம் சரி. டீசல் ஜெனரேட்டர் அறையில் கால் நின்றுவிட்டது. நிலையத்தில் மின்சாரம் போனால் தானாக ஓட வேண்டிய எந்திரம் அது. அதன் சுவிட்ச் 'மேனுவல்' பக்கம் திரும்பிக் கிடந்தது. யாராவது வந்து கிளப்பும்வரை அது ஓடாது. பக்கத்தில் தொங்கிய படிவத்தில் 'ஆட்டோவில் வைக்கப்பட்டது' என்பதற்கு நேரே ஐந்து கையெழுத்து, அழகாக.

உடனே கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டாள். எடுத்தவன் அவளிடம் வேலை பழகியவன்தான். விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, சீட்டு எதுவும் எழுதிடாதீங்க. அந்த அஞ்சுல நானும் ஒருத்தன். ரெண்டே நிமிஷம், நானே வந்து சத்தமில்லாம மாத்திடறேன். இப்பல்லாம் நாங்க அப்படித்தான் பண்றோம்."

"அப்படித்தான்னா? இந்த மாசம் இப்படி எத்தனை மாத்துனீங்க?"

"எழுதி வெச்சாத்தானே அக்கா தெரியும்?"