தடித்த எழுத்தில் நின்ற ஒரு வரி

பிற்பகல் நான்கு இருபது. பள்ளிக்கூடம் முடிந்து புளத்கொகுபிட்டியவிலிருந்து வந்து வீட்டுக் கதவைத் தள்ளியபோது மகள் இல்லை. அவளுடைய போன் சார்ஜில் கிடந்தது. மேசையில் திறந்திருந்த மடிக்கணினியின் முன்னால் என் கணவர், ரப்பர் தோட்டத்து மலையிலிருந்து வந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

“பாத்துட்டா போல,” என்றார்.

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்துவிட்டது என்று பஸ்ஸிலேயே எனக்குத் தெரியும். மகளின் பள்ளியில் படிப்பிக்கும் தோழி அழைத்து, இரண்டு பாடம் போய்விட்டது என்றாள். நானே பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு வந்திருந்தேன்.

திரையில் இருந்தது, பல இணையப் பக்கங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் சேர்த்துத் தரும் செய்தி வாசிப்பான். டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று அழைக்கும் முஸ்லிம் அண்ணன், அந்தப் பழைய கணினியை எங்களுக்கு விற்றபோது போட்டுக் கொடுத்தது. எல்லாவற்றையும் விசைகளிலேயே செய்ய மகளைப் பழக்கியவரும் அவர்தான். ‘ஜே’ தட்டினால் அடுத்த பதிவு. ‘எம்’ தட்டினால் படித்தது மறுபடி படிக்காததாகும். படிக்காதவை தடித்த கறுப்பில் நிற்கும், படித்தவை சாம்பலாகிவிடும். “ஒங்கட மகளுக்கு மௌஸ் விக்க ஏலாது டீச்சர், எனக்குத்தான் நட்டம்,” என்று என்னைக் காணும்போதெல்லாம் சிரிப்பார்.

அன்று தடித்த வரி ஒன்றுகூட இல்லை. அவளுடைய வகுப்புப் பக்கத்தில் வந்திருந்த பெறுபேற்றுப் பதிவும் சாம்பலாகிக் கிடந்தது. படித்துவிட்டாள். படித்துவிட்டு, போனையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

எங்கள் லய வீடுகளுக்குக் கீழே ஓடும் சிற்றாறு, ஓயா, மழையில் பெருகியிருந்தது. அக்கம்பக்கத்தவர்கள் அவளைத் தேடிக் கரையோரமாக இறங்கினார்கள். தண்ணீரில் மிதந்து வந்த வாழைமட்டை ஒன்றை அவளென்று எண்ணி நான் போட்ட சத்தத்தில் எல்லோரும் திரும்பி ஓடிவந்தார்கள். இன்றும் மழை வலுத்தால் அந்தச் சத்தம் எனக்குள்ளேயே கேட்கிறது.

அவள் கடைக்கு வந்தாளா என்று நானாவிடம் போனில் கேட்டிருந்தேன். வரவில்லை என்றவர், கடையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். நேராகக் கணினியிடம் போனார்.

“எல்லாம் ஒரேயடியா சாம்பலாகிக் கெடக்கே. யாரு கீபோர்டத் தொட்டது?”

“நான்தாங்க,” என்றார் கணவர். “எழுத்து சின்னதா இருந்திச்சு. பெருசாக்கலாம்னு கண்டதையும் தட்டுனேன்.”

“ஷிப்டோட ‘ஏ’ பட்டிருக்கும். எல்லாம் படிச்சதா போயிரும்.”

நானா இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினார். கணவர் தட்டியது நீங்கியது. பெறுபேற்று வரி மட்டும் கறுப்பாகத் தடித்து எழுந்தது.

“டீச்சர், ஒங்கட மகள் இதத் தொறக்கவே இல்ல.”

அவளுக்குத் தெரியாது! ஆனால் ஒன்றும் தெரியாதவள் போனை விட்டுவிட்டு எங்கே போனாள்? கொஞ்சம் முன்பு ஓயாவை மட்டும் பார்த்து நடுங்கினேன்; இப்போது எந்தப் பக்கம் பார்ப்பது என்றே தெரியவில்லை.

இருட்டுவதற்குச் சற்று முன் கரவனெல்ல பஸ்ஸில் வந்து இறங்கி, நனைந்தபடி வாசலில் நின்றாள்.

“ஏம்மா எல்லாரும் ஓயாப் பக்கம் நிக்கிறாங்க? யாரும் விழுந்துட்டாங்களா?”

நானா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் என் கையைப் பிடித்தாள்.

“ரிசல்ட் வந்திருக்கும்மா. தனியா தொறக்கப் பயமா இருந்திச்சு, யாரும் எடுத்துச் சொல்லிருவாங்கன்னு போனையும் வச்சிட்டு கூட்டாளி வீட்டுக்குப் போனேன். அங்கயும் முடியல. நீங்க பக்கத்துல உக்காருங்க. இப்ப தொறக்குறேன்.”