பதினெட்டு எழுத்தில் நான்கு ஓட்டை

திண்டுக்கல்லில் எங்கள் தெரு அச்சகக்காரர் என் ஓராண்டுப் படிப்பைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டார்.

சென்னையில் ஓவியக் கல்லூரியில் எனக்கு இது அடித்தள ஆண்டு. வருடக் கடைசியில் வரைந்த தாள்களையெல்லாம் பரப்பிப் பார்த்துத்தான் விளம்பரக் கலைப் பிரிவில் இடம் தருவார்கள். க முதல் ன வரை பதினெட்டு எழுத்துகளை நானே வடிவமைத்துத் தூரிகையால் வரைந்த தாள்தான் அதில் முக்கியம்.

விடுமுறையில் அவரிடம் வேலை கேட்டபோது அதைக் காட்டினேன். "வச்சுட்டுப் போ அப்பு, பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

இன்று திரும்ப வாங்கப் போனேன். தாளில் நான்கு சதுர ஓட்டைகள். ப, வ, ள, ம நான்கும் ஒரு சுருட்டு லேபிளின் மாதிரி அட்டையில் ஒட்டப்பட்டு 'பவளம்' ஆகியிருந்தன. ம-வுக்குப் புள்ளியை அவரே மையால் வைத்திருக்கிறார்.

"என்னண்ணே இது?"

"எழுத்துன்னா எடுத்துக் கோக்கத்தானப்பா? முப்பது வருசமா அதத்தான் செய்யுறேன். மிச்சம் பதினாலு இருக்குல்ல, கொண்டு போ."

"நாளன்னைக்குக் காலேஜ்ல வைக்கணும்ணே."

"இம்புட்டுத்தானே, இன்னொருக்கா வரைஞ்சிரு. ஒரு வருசமா எழுத்து எழுதவா படிச்ச? எங்க ஒண்ணாப்பு வாத்தியாரு அத ஓசியிலயே சொல்லிக் குடுத்தாரு."

அந்தத் தாளை முடிக்க மூன்று வாரம் ஆனது.

"வெட்டுனது நீங்கதான்னு உங்க லெட்டர்பேடுல எழுதிக் குடுங்க, காலேஜ்ல காட்டணும்" என்றேன்.

அவர் திரும்பி மிஷினை ஓடவிட்டார். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தி மறுபடியும் கேட்டேன்.

"எழுதிக் குடுங்கண்ணே!"