பூசம் முடிந்தும் கழற்றாத மாலை

பொன்னழகு மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கப் போகிறவள்தான். ஆனால் பழனி முருகனையே தன் கட்சியில் சேர்த்துக்கொண்டு புருஷனை மடக்கியவள் அகரம் கிராமத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

அடிவயிற்று வலியும் வெள்ளைப்படுதலுமாக அவள் அரசு ஆஸ்பத்திரியில் பால்வினை நோய் பார்க்கும் சுகவாழ்வு மையத்துக்குப் போனாள். ரிசல்ட் வரட்டும், பிறகு வா என்று யாரும் அலையவிடவில்லை. டாக்டரம்மா என்னென்ன செய்கிறது என்று கேட்டார், பரிசோதித்தார், அன்றைக்கே மஞ்சள் உறையில் மருந்து கொடுத்தார்.

ஆலோசகர் பர்ஹானா தணிந்த குரலில் சொன்னார்: "வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்கக்கா. அவருக்கு வெளிய ஒண்ணும் தெரியாது, ஆனா கிருமி இருக்கும். ரெண்டு பேரும் மருந்து முடிக்கிற வரைக்கும் தள்ளிப் படுங்க."

சுருளிவேல் ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவன். "எனக்கென்ன நோவு? நான் எதுக்கு அங்க வந்து நிக்கணும்?" என்று ஒரே போடாகப் போட்டான். தள்ளிப் படுக்கும் பேச்சும் அவனிடம் எடுபடவில்லை. மருந்தை முடித்தாள், வலி போனது. அவன் லாரியை விட்டு இறங்கி வந்தான், வலியும் கூடவே வந்தது. மறுபடி அதே கதை நடந்தபோது டாக்டரம்மா, "இப்படியே போனா கருக்குழாய் அடைச்சுக்கும்மா. அப்புறம் குழந்தை நிக்கிறது கஷ்டம்" என்றார். கல்யாணமாகி மூன்று வருஷம். பொன்னழகுக்கு அழுகையை விடக் கோபம்தான் அதிகம் வந்தது.

தை நெருங்கும் நேரம் அது. ஊர்ப் பெண்கள் பழனி பாதயாத்திரைக்கு மாலை போட்டார்கள். அவளும் போட்டுக்கொண்டாள். மாலை போட்டவளை எந்தப் புருஷன் தொடுவான்? இந்த முறை மருந்தை நிம்மதியாகச் சாப்பிட்டு முடித்தாள். விஷயம் தெரியாத சுருளிவேல் பெண்டாட்டியின் பக்தியை லாரி ஸ்டாண்டு முழுக்கத் தம்பட்டம் அடித்தான்.

தைப்பூசம் முடிந்து எல்லோரும் மாலையைக் கழற்றிவிட்டுப் பஞ்சாமிர்தத்தோடு திரும்பினார்கள். பொன்னழகு மாலையோடு திரும்பினாள். மாசி பிறந்தும் கழற்றவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் "வேண்டுதல் இன்னும் முடியல" என்று ஒரே பதில். டீக்கடையில் ஆளாளுக்கு, "அப்படி என்னப்பா வேண்டுதல்?" என்று கேட்கவும் சுருளிவேல் பாதி டீயோடு எழுந்து வீட்டுக்கு வந்தான்.

"என்னத்தத்தான்டி வேண்டிக்கிட்ட?"

"நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்து மாத்திரை முழுங்கணும்னு. அம்புட்டுத்தான் மாமா."

"இதுக்குப் போயி சாமிய இழுப்பியா?"

"மனுசி சொல்லி நீங்க எங்க கேட்டீங்க? இனி எவளாச்சும் கேட்டா உள்ளதச் சொல்லிருவேன்."

அந்த வாரமே அவன் பர்ஹானாவின் முன்னால் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தான். சாம்பல் நிற உறையிலிருந்த மாத்திரைகளை அவர் எதிரிலேயே விழுங்கினான். ஆணுறையைப் பற்றிச் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான்.

"இம்புட்டுத்தானா?" என்று கேட்டான்.

"இவ்வளவுதாண்ணே."

இதற்காகவா இவளை இத்தனை நாள் நோக விட்டோம் என்று அவன் முகம் செத்துப்போனது. பொன்னழகு அதைப் பார்த்தாள், பாவப்படவே இல்லை. இன்னும் ஒரு வாரம் பொறுத்துத்தான் மாலையைக் கழற்றினாள்.

வலி திரும்பவே இல்லை. மறு தையில் அவளால் பழனிக்கு நடக்க முடியவில்லை, நிறைமாதம். அந்த வருஷம் பூசம் முடிந்தும் கீர்த்தனாவின் கழுத்தில் மாலை அப்படியே கிடந்தது. கூடப் பூ எடுக்கிறவள் அவள், அவளுக்கும் அதே வலி, பொன்னழகு சொல்லிக்கொடுத்த வழி அது. கீர்த்தனாவின் புருஷன் விக்னேஷ்குமாரை டீக்கடையில் ஆளாளுக்கு, "என்னப்பா வேண்டுதல்?" என்று குடைந்துகொண்டிருந்தார்கள். சுருளிவேல் எழுந்து போய் அவன் தோளில் கை போட்டான்.

"ஏலே, நாளைக்கு என்கூட வா. நானே கூட்டிட்டுப் போறேன்."